திரையில் இருந்தவள்

திரை வெளிச்சமானதும் யோலாண்டாவுக்கு முதலில் தோன்றியது, 'இன்றைக்குமா?' என்பதுதான். சுவரளவுக்குப் பெரிதாக அவளுடைய சொந்த முகம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடையாள அட்டைக்காக எடுத்த படம். அதன் கீழே, 'கார்லீன் மேபரி, என்றும் எங்கள் நினைவில்' என்று எழுதியிருந்தது.

கார்லீனை அடக்கம் செய்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை; அலுவலகத்தில் இது அவளுக்கான நினைவுக் கூட்டம். அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் ஆறாவது மாடியில் கறுப்பினப் பெண்கள் இவர்கள் இருவர்தான். கார்லீன் நெட்டை, நல்ல கறுப்பு, ஒட்ட வெட்டிய முடி, மூக்குக்கண்ணாடி. யோலாண்டா குட்டை, மாநிறம், தோள்வரை சின்னச் சின்னப் பின்னல்கள். இருந்தும் வருடக்கணக்காக ஒருத்தியை மற்றவள் பெயரால்தான் கூப்பிட்டார்கள். ஒருத்தி ராத்திரி கண்விழித்து முடித்த வேலைக்கு மற்றவளின் கையைக் குலுக்கினார்கள். கார்லீன் சிரித்துவிடுவாள். "விடுடி. நான் வீட்ல தூங்குறேன், நீ ரெண்டு நாற்காலியிலயும் மாறி மாறி உக்காரு. ஒருத்தனுக்கும் தெரியாது."

யோலாண்டாவால் சிரிக்க முடியவில்லை. ஒரே ஒரு தடவை மேலிடத்தில் போய்ச் சொன்னாள். அந்த வருட மதிப்பீட்டில், 'எளிதில் கோபப்படுகிறார்' என்று ஒரு வரி சேர்ந்துகொண்டது. பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. இப்போது மறுபடி அவள் முறை. அடுத்த வாரம் முடிவு சொல்லப்போகிற மேலாளர் பிராட்லிதான் மைக்கைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நின்றார். கண்கள் கலங்கியிருந்தன. நடிப்பில்லை, உண்மையாகவே அழுகிறார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"எப்பவும் சிரிச்ச முகம். இந்தப் படத்தப் பாத்தாலே தெரியுது" என்றார்.

முன்வரிசையில் கார்லீனின் அம்மா ஓபல், சர்ச்சுக்கு வைக்கும் கறுப்புத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி யோலாண்டாவைத் தேடிப் பிடித்தார்.

"கண்ணு, அது நீதானே?"

யாருக்கும் சங்கடமாகிவிடக் கூடாது என்பதுபோல, தன் பார்வையில்தான் ஏதோ கோளாறு என்பதுபோல, அவ்வளவு மெதுவாகக் கேட்டார்.

உட்கார்ந்திருப்பது சுலபம். கூட்டம் முடிந்ததும் பிராட்லியிடம் தனியாகச் சொல்லலாம். மனுஷன் நன்றிகூடச் சொல்வார். ஆனால் பெற்றவள் பார்த்துக்கொண்டிருக்க, கார்லீன் இன்னொருத்தியின் முகத்தோடு இந்த இடத்தைவிட்டுப் போய்விடுவாள். நாளெல்லாம் சுமந்து இறக்கி வைத்ததைத் திரும்பத் தூக்குகிறவள்போல யோலாண்டா எழுந்தாள்.

"வாங்க, வாங்க. அவங்களோட உயிர்த்தோழி" என்று பிராட்லி மைக்கை நீட்டினார்.

அவள் படத்துக்குக் கீழே போய் நின்று எல்லோரையும் பார்த்தாள். மேலே அவள் முகம், கீழேயும் அவள் முகம். எதிரே தலைகள் அனுதாபத்தோடு சாய்ந்திருந்தன. ஒரு பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"பிராட்லி, இது நான்."

"புரியுது. உங்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்புன்னு..."

"படத்துல இருக்கிறது நான். நான் சாகல. செத்துப்போனது கார்லீன்."

பிராட்லியின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. "இத இப்பவே பேசணுமா, யோலாண்டா?" என்று அடிக்குரலில் கேட்டார். மைக் அதையும் எல்லோருக்கும் சொன்னது.

"வேற எப்பப் பேசறது? அவங்க அம்மா இங்கதானே உக்காந்திருக்காங்க."

யாரோ கணினியை நோக்கி ஓடினார்கள். அலுவலகப் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் நகர்ந்தன. கேக் வெட்டுகிறவர்கள், பரிசு வாங்குகிறவர்கள். கார்லீன் ஒன்றிலும் இல்லை. ஒன்றில் தோள் மட்டும் தெரிந்தது.

"நிறுத்துப்பா" என்றார் ஓபல்.

ஓரத்தில், யாருடைய பலூனுக்கோ பின்னால், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள் கார்லீன். ஓபல் எழுந்து நடந்தார். படத்தைத் தொடும் தூரம்வரை, புரொஜெக்டர் வெளிச்சத்துக்குள்ளேயே போய் நின்றுவிட்டார்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நின்னீங்கன்னா எல்லாருக்கும் தெரியும்" என்றார் பிராட்லி.

ஓபல் நகரவில்லை. அவருடைய கறுப்புக் கோட்டின் முதுகில் விழுந்திருந்த மகளின் சிரிப்பு, அவர் மூச்சுவிடும்போதெல்லாம் லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.