ரத்தான ஐந்து நாள்

தான் வேலைபார்க்கும் தபால் அலுவலகக் கவுன்ட்டரில் அவள் ஒரு பார்சலை எடைபோட்டுக்கொண்டிருந்தபோதுதான் கிரிக்கெட் அணி மேனேஜரின் போன் வந்தது. "டெஸ்ட் கேன்சல்மா. அதுக்குப் பதிலா மூணு டி20 சேத்துட்டாங்க. அதுல உன் பேர் இல்ல."

தொடக்க ஆட்டக்காரியான அவளை அணியில் 'சுவர்' என்பார்கள். நாட்டுக்காக ஆடியது ஒரே ஒரு டெஸ்ட். அதுவும் ஏழு வருஷத்துக்கு முன்னால். அடுத்ததற்காகவே மூட்டு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருந்தாள். தினமும் பயிற்சி முடிந்து வந்ததும் நர்ஸான அக்கா, வாய் ஓயாமல் திட்டியபடியே வீங்கிய முட்டிக்கு ஐஸ் வைப்பாள்.

பெர்மிஷன் போட்டுவிட்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"யாரும்மா இப்ப அஞ்சு நாள் உக்காந்து பாக்குறாங்க? காலம் மாறிப்போச்சு. பொம்பளைங்க கிரிக்கெட்னா இனிமே டி20தான்."

"ஆம்பளைங்களுக்கு இந்த வருஷம் எட்டு டெஸ்ட் இருக்கே சார். அங்க மட்டும் காலம் மாறலையா?"

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். "கோபப்படாதே. முதல் மேட்ச் இடைவேளைல உன்னைக் கூப்பிட்டு ஒரு கேடயம் குடுக்கலாம்னு இருக்கோம்."

உயிரோடு இருப்பவளுக்கு இரங்கல் கூட்டம்.

"அதை நீங்களே வச்சுக்கோங்க சார்."

டெஸ்ட் தொடங்கியிருக்க வேண்டிய நாள் காலை, வெள்ளை உடையும் கால்காப்பும் மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள். பயிற்சிக்கென்று நினைத்துக் காவலாளி உள்ளே விட்டுவிட்டார். சாயங்கால டி20க்காக ஆட்கள் விளம்பரத் தட்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பாட்டின் முதல் வரி மட்டும் திரும்பத் திரும்ப அலறியது. யாரையும் பார்க்காமல் நடந்துபோய், ஸ்டம்புக்கு முன்னால் பேட்டை ஊன்றி நின்றாள்.

மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "பைத்தியமா உனக்கு? வெளிய வா!"

"லஞ்ச் வரைக்கும் நிப்பேன் சார்."

"பந்து போட ஆளே இல்லாமலா?"

"அதுக்கு நானா பொறுப்பு?"

"முட்டி போச்சுன்னா என்கிட்ட வராதே!" பின்னாலேயே வந்திருந்த அக்கா காலி கேலரியிலிருந்து கத்தினாள். கத்திவிட்டு எழுந்து போகவில்லை. முன்வரிசைக்கு இறங்கி வந்து உட்கார்ந்தாள்.

மைதானத்தின் ஓரத்தில் டி20 அணி பயிற்சியில் இருந்தது. எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். வேகப்பந்து போடுபவள் மட்டும் கையிலிருந்த வெள்ளைப் பந்தைக் கீழே எறிந்தாள். தன் பையைக் குடைந்து டெஸ்ட்டுக்கான ஒரு சிவப்புப் பந்தை எடுத்துக்கொண்டு ஆடுகளத்தை நோக்கி நடந்தாள்.

"நீ சாயங்காலம் ஆடணும், ஞாபகம் இருக்கட்டும்!" மேனேஜர் கத்தினார்.

பந்தோடு வந்தவள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர் ஸ்டம்பிலிருந்து தன் ஓட்டத்துக்கான அடிகளை எண்ணியபடி போனாள். பதினெட்டாவது அடியில் நின்று, குதிகாலால் புல்லைக் கீறினாள்.