கோபுர அறையைப் பார்த்தேன் என்று எழுதியவள்

பொய் சொல்லத் தெரியாதவள் என்று எங்கள் ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான், போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தேன்.

ஏரிக்கரையில் நிற்கும் அந்தக் கோடை மாளிகையை 1888இல் சிகாகோ பியானோ வியாபாரி ஒருவர் கட்டினார். இப்போது அது அருங்காட்சியகம். பதினோரு வருடமாக நான்தான் பொறுப்பு. கோடை முழுக்கப் படகில் வந்து இறங்கும் கூட்டத்திடம் தொடாதே, சாயாதே, உட்காராதே என்று கத்திக் கத்தி என் தொண்டை தேய்ந்துவிட்டது. அக்டோபரில் வீட்டை மூடிவிட்டு, கட்டில் நாற்காலி எல்லாவற்றுக்கும் வெள்ளைத் துணி போர்த்திவைப்போம். இந்த முறை குதிரைமுடி அடைத்த சோபாக்களில் வண்டு புகுந்துவிட்டது. வீட்டையே தார்ப்பாயால் மூடி விஷவாயு விட வேண்டும் என்றார்கள். மணமே இல்லாத வாயு. உள்ளே மூச்சுவிடும் எதுவும் பிழைக்காது.

வாயு விட வந்தவர் பெயர் கர்ட். பெரிய ஆள், அதைவிடப் பெரிய பூட்ஸ். வீடு காலிதானா என்று அறை அறையாகப் பார்ப்பது அவர் வேலை. ஆனால் மாடிக் கம்பளங்களில் துணி உறை மாட்டாத கால் படக்கூடாது என்பது எங்கள் சட்டம். அந்த பூட்ஸுக்கு எங்கள் உறை எதுவும் பொருந்தவில்லை. கழற்றவும் அவர் சம்மதிக்கவில்லை. கடைசியில் கீழ்த்தளம் அவருக்கு, மாடி எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். நூறு வருடக் கம்பளத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்குப் பெருமை வேறு.

மாடியில் ஆறு அறைகளைப் பார்த்தேன். ஏழாவது கோபுர அறை. குறுகலான சுழல்படி ஏறிப் போக வேண்டும். நான் அங்கே போவதில்லை. பியானோக்காரரின் மகள் பத்தொன்பது வயதில் அந்த அறையில்தான் காய்ச்சலில் செத்தாள். தாய்க்காரி மகளின் கூந்தலை வெட்டி, பூவும் இலையுமாகப் பின்னி, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிவைத்தாள். அந்தக் காலத்தில் துக்கம் கொண்டாடுவது அப்படித்தான். அந்தப் பொன்னிற முடி இன்று காலை சீவிவிட்டதுபோல் இன்னும் மின்னுகிறது. வேலைக்குச் சேர்ந்த வருடம் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என் பின்கழுத்தில் யாரோ மூச்சுவிட்டார்கள். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அன்றிலிருந்து அந்த அறையை வேறு யாராவதுதான் துடைக்கிறார்கள்.

தார்ப்பாய் ஜன்னல்களை மூடியிருந்ததால் பட்டப்பகலிலேயே சுழல்படி இருண்டு கிடந்தது. முதல் படியில் காலை வைத்தேன். எடுத்துவிட்டேன். அங்கே யார் இருக்கப்போகிறார்கள்? கர்ட் கொடுத்த படிவத்தில் ஏழாவது அறையின் கட்டத்திலும் டிக் போட்டேன்.

"எல்லாத்தையும் கண்ணால பாத்தீங்கல்ல?" என்று கேட்டார் கர்ட்.

"பின்ன, கண்ண மூடிக்கிட்டா பாப்பாங்க?"

"பேய் கீய் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. என் மருந்து வண்டுக்கு மட்டும்தான் கேக்கும்."

நானும் சிரித்துக்கொண்டே, வீடு காலி என்று கையெழுத்துப் போட்டேன்.

இன்னும் பத்து நிமிடத்தில் வாயுவைத் திறப்பேன் என்றார். எச்சரிக்கைப் பலகையை மாட்டிவிடலாம் என்று படகுத்துறைக்கு இறங்கினேன். அங்கே ஆர்வினின் துடுப்புப் படகு கட்டியிருந்தது.

ஆர்வினுக்கு எழுபத்தெட்டு வயது. வீட்டிலுள்ள எட்டுக் கடிகாரங்களுக்கும் வாராவாரம் செவ்வாயன்று சாவி கொடுப்பவர். அக்கரையிலிருந்து விடியும் முன்பே வந்து, தன்னிடம் இருக்கும் சாவியால் சமையலறைக் கதவைத் திறந்து நுழைவார். இந்த வாரம் வரவே வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லியிருந்தேன். ஆறு அறையில் அவர் இல்லை. கீழ்த்தளத்திலும் இல்லை. மீதி ஒன்றுதான்.

மேட்டில் எப்படி ஓடி ஏறினேன் என்று தெரியாது. "நிறுத்துங்க! திறக்காதீங்க!"

கர்ட்டின் கை வால்வின்மேல் இருந்தது. "என்ன ஆச்சு?"

"உள்ள ஆள் இருக்கு."

"நீங்கதான எல்லாத்தையும் பாத்தேன்னீங்க?"

"கோபுர அறைய பாக்கல. பொய் சொல்லிட்டேன்."

அவர் முகத்தில் இருந்த கேலியெல்லாம் வடிந்துவிட்டது. "போய்ப் பாருங்க. நான் இந்த இடத்த விட்டு அசைய மாட்டேன்."

சுழல்படியில் சுவரைத் தடவித் தடவி ஏறினேன். "ஆர்வின்!" பதில் இல்லை. தார்ப்பாய் வழியாக வந்த மங்கலான பச்சை வெளிச்சத்தில் அந்த முடி மட்டும் தெரிந்தது. அதன் கீழே அவள் செத்த கட்டில். கட்டிலின்மேல் வெள்ளைத் துணி. அந்தத் துணி மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது.

அதற்குக் கீழே யார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் கை நம்பவில்லை. விலக்கினால் பத்தொன்பது வயது முகம் ஒன்று இருக்கும் என்றே பட்டது. அப்படியே இறங்கி ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு துணியை இழுத்தேன்.

வாயைப் பிளந்துகொண்டு ஆர்வின் தூங்கிக்கொண்டிருந்தார். தோளைப் பிடித்து உலுக்கினேன். திடுக்கிட்டு எழுந்தவர், தலைமாட்டில் கழற்றி வைத்திருந்த காதுக்கருவியைத் தேடி எடுத்து மாட்டினார்.

"என்னம்மா, ஏன் இப்பிடி இருட்டிக் கெடக்கு?"

"வராதீங்கன்னு சொன்னேன்ல? இங்க என்ன பண்றீங்க?"

"கடிகாரமெல்லாம் நின்னுடக் கூடாதேன்னு சாவி குடுக்க வந்தேன். நீ வர்றதுக்குள்ள ஒரு குட்டித் தூக்கம் போடலாம்னு படுத்தேன். கோடை பூரா இங்கதான தூங்குறேன்."

"இங்கயா? ஏன் ஆர்வின், வேற எடமே கெடைக்கலையா?"

அவர் குறும்புக்காரப் பையன்போல் கண்ணைச் சிமிட்டினார். "கீழ எங்க படுத்தாலும் நீ மோப்பம் புடிச்சு வந்து திட்டுவியே. இங்கதான் நீ செத்தாலும் வர மாட்ட. அது எனக்கு நல்லாத் தெரியும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அவர் கையைப் பிடித்துப் படியை நோக்கி நடத்தினேன். கீழே வால்வில் கை வைத்தபடி ஒருவர் நிற்கிறார், அவரிடம் என் கையெழுத்து இருக்கிறது என்பதைப் படி இறங்கி முடிப்பதற்குள் நான் இவரிடம் சொல்லியாக வேண்டும்.