பதினோராம் நாள் அளவு

மறுக்க வழி தெரியாமல் மூன்றாவது தட்டையும் கர்ட் வாங்கிக்கொண்டபோது, கோட்டுப் பையில் மனைவி ப்ரிட்டாவின் கைபேசி அதிர்ந்தது.

அடக்கப் பிரார்த்தனை முடிந்து எல்லாரும் தேவாலயத்தின் அடித்தளத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வட மினசோட்டாவில் துக்கத்துக்கு மருந்து உருளைக்கிழங்கு. மேசையில் பதினேழு விதமாக இருந்தது.

'வணக்கம் ப்ரிட்டா! பிரசவத்துக்குப் பின் பதினோராம் நாள். இன்றைய இரத்த அழுத்தம் எவ்வளவு?'

பிரசவத்தின்போது அவளுக்கு அழுத்தம் ஏறியது. ஆஸ்பத்திரியில் அதை அளக்க ஒரு கருவி கொடுத்து அனுப்பினார்கள். தினமும் பன்னிரண்டு மணிக்குக் கைபேசியில் தானாகக் கேள்வி வரும். ஐந்தாம் நாள் அவள் காய்ச்சலையும் சேர்த்து அனுப்பினாள்: 102. இரண்டே நிமிடத்தில் ஒரு நர்ஸ் கூப்பிட்டு, "பையெல்லாம் எடுக்க வேண்டாம், கிளம்புங்க" என்றாள். கிளம்பினார்கள். கருப்பையில் தொற்று. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்துக்கு மேல் மருந்து ஏற்றினார்கள். யாரும் எதையும் தவறாகச் செய்யவில்லை. எட்டாம் நாள் ப்ரிட்டா இறந்தாள். படங்களுக்காக இன்று காலைதான் கர்ட் அவள் கைபேசியைத் திறந்தான்.

'அவள் இறந்துவிட்டாள்' என்று தட்டினான்.

'மன்னிக்கவும், புரியவில்லை. எண்களை மட்டும் அனுப்பவும்.'

"பூஜ்யம்னு போடு தம்பி." ப்ரிட்டாவின் அத்தை லவோன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

போட்டான்.

'இந்த அளவு சரியாகத் தெரியவில்லை. ஐந்து நிமிடம் ஓய்வெடுத்து மறுபடி பாருங்கள்.'

"ஓய்வுதான் எடுக்கிறா" என்றார் மாமனார் ரோலி.

யாரும் சிரிக்கவில்லை. பிறகு லவோன் மூக்கால் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகக் கைக்குட்டையை எடுத்தாள்.

"ஏதாவது ஒரு நம்பரைப் போட்டா வாயை மூடும்" என்றார் ரோலி.

"கோயில்ல உக்காந்துக்கிட்டுப் பொய் எழுதச் சொல்றியா? யார் கையிலயாவது கட்டி, வர்றதை அனுப்புங்க" என்றாள் லவோன்.

கருவி குழந்தையின் பையில் இருந்தது. ரோலியின் கைக்குப் பட்டை எட்டவில்லை.

"நாப்பது வருஷப் பன்னிக்கறி" என்றாள் லவோன்.

"உன் கையை நீட்டேன், பாப்போம்."

"எனக்கு என் நம்பர் தெரிய வேண்டாம். தெரிஞ்சா டாக்டர்கிட்ட போகணும்."

கர்ட் சட்டைக் கையை மடித்தான். 174, 112. அனுப்பினான்.

இரண்டே நிமிடம். கைபேசி அடித்தது. அதே நர்ஸின் குரல்.

"ப்ரிட்டா, உடனே உக்காருங்க. தலைவலி இருக்கா? கண்ணு மங்குதா?"

"நான் அவ புருஷன். கை என்னோடது."

"அவங்க எங்க?"

"இறந்துட்டா. வெள்ளிக்கிழமை."

மறுமுனையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"நான்தான் அன்னிக்குக் கிளம்பச் சொன்னேன்."

"தெரியும். கிளம்பினோம்."

"பையை எடுத்தீங்களா?"

"இல்ல."

அவள் மூச்சு விடுவது கேட்டது. "நீங்க எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்ல."

"பரவாயில்லைங்கற ஆளுக்கு நூத்தி எழுபத்தி நாலா?"

"இங்க சாப்பாட்டுல கொஞ்சம் உப்பு ஜாஸ்தி."

"யார் சொன்னது?" என்றாள் லவோன்.

"அவங்க பேரை எடுத்துடறேன்" என்றாள் நர்ஸ். "இனிமே உங்களுக்குத் தொந்தரவு வராது."

கர்ட் தட்டைப் பார்த்தான். "எடுக்கலைன்னா எத்தனை நாள் வரும்?"

"ரெண்டு வாரம்தானே. இன்னும் மூணு நாள்."

"வரட்டும்."

"வந்தா அளவு அனுப்பணுமே."

"அனுப்புறேன்."

எங்கோ ஒரு கரண்டி விழுந்தது. நர்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அப்ப இன்னிக்கு அளவை ஒழுங்கா எடுப்போம். அஞ்சு நிமிஷம் உக்காருங்க. ரெண்டு காலும் தரையில. பேசக் கூடாது. நான் லைன்லயே இருக்கேன்."

லவோன் அவன் தட்டை வாங்கிக்கொண்டு, அவனுடைய மறுகையில் குழந்தையை வைத்தாள். ரோலி கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து மேசைக்காரர்கள் விஷயம் புரியாமலேயே மெல்லுவதை நிறுத்தினார்கள்.

ஐந்தாம் நிமிடம் பட்டை உப்பி, கையை இறுக்கிப் பிடித்தது. குழந்தை கொட்டாவி விட்டது. பிறகு பட்டை கொஞ்சம் கொஞ்சமாக விட்டது.