ஓடாத சுவர் ஓடியது

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் நெருங்கி உட்காருங்க. நின்ற இடத்திலேயே ஓடிய ஒரு சுவரின் கதை சொல்கிறேன்.

தாராவியில் பிளாஸ்டிக் பிரிக்கும் கொட்டகையில் இசக்கிசெல்விக்கு வேலை. இடமிருந்து வலமாக ஓடும் பெல்ட்டில் கறுப்புத் துண்டுகளை மட்டும் பொறுக்க வேண்டும். ஆட்டோ ஓட்டவும் கற்றிருந்தாள். திங்கட்கிழமை லைசென்ஸ் டெஸ்ட்.

அந்த நேரம் பார்த்துக் கண்ணில் கோளாறு. டீக்கு பெல்ட்டை நிறுத்தியதும் நிமிர்ந்தால், எதிர்ச்சுவர் மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. கண் போனால் ஆட்டோவும் போச்சே! கணவன் மாரிக்கண்ணனிடம் மட்டும் சொன்னாள்.

“ஊர்க்கண்ணுட்டீ. பொம்பள ஆட்டோ ஓட்டப்போறான்னா சும்மா இருப்பானுவளா?” என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டான். இருமல்தான் மிச்சம். மறுநாளும் சுவர் நகர்ந்தது. டெஸ்ட்டுக்குப் போவதில்லை என்று முடிவே செய்துவிட்டாள்.

சனிக்கிழமை மோட்டார் பழுது பார்த்தவர் ஒயர்களை மாற்றி மாட்டிவிட்டார். பெல்ட் வலமிருந்து இடமாக ஓடியது.

“ஓடுதுல்லா? சலேகா, அது போதும்!” என்றார் முதலாளி நாகூர் கனி.

டீ நேரத்தில் நிமிர்ந்த செல்வி கத்தியேவிட்டாள்: “ருக்சானாக்கா, செவரு இன்னைக்கு சோத்தாங்கைப் பக்கமால்லா போவுது!”

பக்கத்தில் நின்று பொறுக்கும் ருக்சானா திரும்பினாள். “உனக்குமாட்டீ? எனக்குத்தான் கிறுக்குன்னு தர்காவுல நேர்ந்துகிட்டேன்!”

கொட்டகையே சிரித்தது. எல்லாருக்கும் அப்படித்தானாம். வேலை போய்விடும் என்று இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை.

அன்று மாலையே இருவரும் மாஹிமில் கண் டாக்டர் பத்மஜாவிடம் போனார்கள். அவர் சோதித்துவிட்டுச் சிரித்தார். மூளையின் பின்பக்கம் பார்வைக்கென்று ஓர் இடம் இருக்கிறதாம். அங்கே சில செல்கள் வலப்பக்க ஓட்டத்துக்குத் துடிக்கும், சில இடப்பக்கத்துக்கு. இரண்டும் சமமாக இருந்தால் சுவர் நிற்கும். ஒரே பக்க ஓட்டத்தையே வெகுநேரம் பார்த்தால் அந்தப் பக்கச் செல்கள் சோர்ந்துவிடும், எதிர்ப்பக்கத்தின் கை ஓங்கும். அதனால்தான் நிற்கிற சுவரும் எதிர்ப்பக்கம் ஓடுகிறது.

“அப்போ ஆட்டோ ஓட்டலாமா டாக்டர்?”

“தாராளமா. பெல்ட்டை விட்டு எந்திரிச்ச உடனே வேண்டாம். முதல்ல சுவர் நிக்கட்டும்.”

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனாள் செல்வி. மைதானத்தில் எட்டு போட்டு முடித்ததும் இன்ஸ்பெக்டர், “டீக் ஹை, பாஸ்” என்று தலையாட்டினார். கூட வந்திருந்த மாரிக்கண்ணன் அங்கேயே விசிலடித்து, அவரிடம் திட்டும் வாங்கினான்.

உங்கள் வீட்டிலும், கண்ணுகளா, பயத்தை வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆள் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு எல்லாரும் நல்ல பார்வையாக, நல்ல சுகமாக இருங்கள்.