புதன்கிழமைக் கம்பஸும் உடையாத தேங்காயும்

1.

இந்தக் கதை ஒரு தேங்காயிலிருந்து வந்தது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. பாரிஸில் லா சப்பல் பிள்ளையாருக்குத் தேர் நடந்த ஞாயிற்றுக்கிழமை, கடைகளுக்கு முன்னால் குவித்திருந்த தேங்காய்களை ஆட்கள் தெருவில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று மட்டும் உடையவில்லை. தாரில் மோதித் துள்ளி, மஞ்சள் தண்ணீர் ஓடிய பாதையில் உருண்டு வந்து, என் சப்பாத்தில் முட்டி நின்றது. குனிந்து எடுத்தேன். எறிந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, தேங்காயைத்தான் பார்த்தார். பக்கத்தில் நின்ற மகள் பிரெஞ்சில் சொன்னாள்: "அம்மா, எனக்கு இன்னும் பாக் கிடைக்கவில்லையே."

அதற்குள் தேர் வந்துவிட்டது. சனம் நடுவில் புகுந்தது. கூட்டம் கலைந்தபோது அவர்களைக் காணவில்லை, தேங்காய் என் கையிலேயே இருந்தது.

ஆக, எனக்குக் கிடைத்தது ஒரு தேங்காயும் ஒரு வசனமும். மிச்சமெல்லாம் என் கற்பனை. (பாக் என்பது இங்கே பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சை. அது இல்லாமல் பல்கலைக்கழக வாசலை மிதிக்க முடியாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.)

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஆரபிக்குப் பதினேழு வயது, செவ்ரானில் பிறந்து வளர்ந்தவள், அவளுடைய அப்பா ஒரு உணவகத்தில்…" குடும்ப அட்டை நிரப்புவது போல இருந்தது. விட்டேன்.

பிறகு: "புதன்கிழமை மதியங்களில் பாரிஸ்…" சுற்றுலாக்காரருக்கு எழுதும் வசனம். இதையும் விட்டேன்.

மூன்றாவது கொஞ்சம் பரவாயில்லை:

ஆரபி தூங்கிக்கொண்டிருந்தாள். சென் தெனிப் பல்கலைக்கழகத்தில், படிப்படியாக இறங்கும் அந்தப் பெரிய விரிவுரை மண்டபத்தின் கடைசி வரிசையில். கீழே, எங்கோ தூரத்தில், இசபெல் என்ற விரிவுரையாளர் ஒலிவாங்கியில் பேசிக்கொண்டிருந்தார். தூக்கத்தின் முதல் கட்டத்தில் மனிதருக்குத் தாம் விழுவது போல ஒரு உணர்வு வரும் என்றார். ஆரபி விழுந்தாள். மெத்தென்று எதன்மேலோ இறங்கி, இரைச்சலில்லாத ஒரு லா சப்பலில் நடந்தாள். கடைகள் எல்லாம் திறந்திருந்தன. ஒவ்வொரு கடைக்காரரும் எழுந்து நின்று அவளுக்கு வணக்கம் சொன்னார். அவள் காலில் பள்ளிக்கூடத்துச் சப்பாத்து ஒன்று, வேறு யாருடையதோ பெரிய சப்பாத்து ஒன்று.

[தூக்கத்தைப் பற்றிய வகுப்பில் தூங்குவது கதைக்காரனின் மலிவான வேலை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் காலையில் கணிதம், மதியம் கடையில் வயிறு நிறையச் சோறு, பிறகு இளஞ்சூடான ஒரு மண்டபம் என்றால் நீங்களும் தூங்குவீர்கள்.]

ஏற்பாடு இதுதான். பள்ளியின் கடைசி வருடத்தில் இருக்கும் சில பிள்ளைகள் புதன்கிழமை மதியங்களில் பல்கலைக்கழகத்துக்குப் போய் முதலாம் வருடப் பாடம் ஒன்றைப் படிக்கலாம். சனவரியில் பரீட்சை. தேறினால் அந்தப் புள்ளிகளை எடுத்து வைப்பார்கள். ஆனால் சூன் மாதம் பாக் தேறினால்தான் அவை கணக்கில் சேரும். தவறினால் ஒன்றுமே இல்லை. அதுவரை அவள் அங்கே மாணவி மாதிரி, இங்கேயும் மாணவி மாதிரி.

3.

அம்மாவுக்குச் சாரதாதேவி என்று பெயர் வைத்தேன். அவரை என்ன செய்வதென்று எனக்கு நெடுநாள் தெரியவில்லை. முதல் வரைவில் அவர் ஒரு பெருமைக்காரி. வாசித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பெற்ற பிள்ளை படிப்பதைச் சொல்லித் திரிவதில் என்ன பிழை?

அவர் பிழை வேறு. யாழ்ப்பாணத்தில் கடைசிப் பரீட்சை எழுதி, வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருந்து, அதற்கு மேலே வந்தவர்களுக்குத்தான் கம்பஸ் என்கிற பல்கலைக்கழகம். கம்பஸுக்குள் போன பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இனி ஒரு பரீட்சை பாக்கி இருக்கிறது என்பது அவர் மனதில் ஏறவே ஏறாது. மகளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று தெரிந்த அன்றைக்கே லா சப்பல் முழுக்கச் சொல்லிவிட்டார். "மகளுக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது." பிள்ளைக்குக் கம்பஸ் கிடைத்தால் தேருக்குத் தேங்காய் அடிப்பதாக முன்னமே நேர்த்தி வைத்திருந்தார். வந்த தேருக்கு அடித்தும்விட்டார்.*

*கேட்டது கிடைப்பதற்கு முன்னால் நேர்த்திக்கடனைத் தீர்த்தவர்களுக்குப் பிள்ளையார் என்ன செய்வார்? ஐயரிடம் கேட்கலாம் என்று போனேன். நீண்ட வரிசை. திரும்பிவிட்டேன்.

4.

மார்கழி. ஒரு புதன்கிழமை. அம்மாவுக்கு லா சப்பலில் மரக்கறி வாங்கும் நாள். ரயில் மாற வரும் ஆரபி, ஸ்ரீஸ்கந்தராசாவின் சாப்பாட்டுக் கடையில் அம்மாவோடு இருந்து சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போவாள்.

"என்ன புரொபெசர், கம்பஸ் எப்பிடிப் போகுது?" ஸ்ரீஸ்கந்தராசா கல்லாவிலிருந்து கேட்டார். அவருக்கு எல்லாப் புதன்கிழமையும் இதே கேள்விதான்.

"பரவாயில்லை அங்கிள்."

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஆரபி குரலைத் தாழ்த்தினாள். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள், கணிதம் விழுந்துவிட்டது, இப்படியே போனால் பாக் தவறும், சனவரிப் பரீட்சைக்கு முன்னால் புதன்கிழமை வகுப்பை விட்டுவிடுவது நல்லது என்றார்கள். இவ்வளவையும் பிரெஞ்சில் சொல்லிவிட்டுக் கடைசியில் தமிழில் முடித்தாள்: "நான் நிப்பாட்டப் போறன் அம்மா."

சாரதாதேவி பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார்.

"தேங்காய் உடைச்சாச்சு பிள்ளை."

"நான் உடைக்கச் சொன்னனானே?"

"ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன். இனி என்னெண்டு இந்தத் தெருவிலை நடக்கிறது?"

"நடந்து வகுப்புக்குப் போறது நான். எனக்குக் களைக்குது அம்மா. எனக்கு அந்தப் பாடம் விருப்பம். ஆனால் பாக் போனால் ரெண்டும் போயிடும்."

அம்மா சோற்றை விரலால் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். பிறகு சொன்னார்: "ஒண்டு உடையேல்லை. அண்டைக்கே எனக்கு மனம் சரியில்லை. ஆரோ ஒராள் அதை எடுத்துக்கொண்டு போட்டார்."

இந்த வசனத்தை நான் திட்டமிடவில்லை. எழுதிக்கொண்டு போகையில் அவராகச் சொன்னார். பேனாவை வைத்துவிட்டு என் மேசையைப் பார்த்தேன். குடுமியோடு அது அங்கேதான் இருந்தது.

5.

இந்த இடத்தில் எனக்கு இரண்டு முடிவுகள் தோன்றின.

அ. ஆரபி இரண்டிலும் தேறுகிறாள். கடைத்தெருவில் லட்டுக் கொடுக்கிறார்கள். (வாழ்த்து அட்டைக்கு ஆகும்.)

ஆ. இரண்டையும் தவறவிட்டு, ஒரு மழைநாளில்… (இல்லை. அவளுக்கு இதைச் செய்ய என் மனம் ஒப்பவில்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.)

ஆகவே கதைக்காரர் செய்யக்கூடாததைச் செய்தேன். தேங்காயைப் பையில் போட்டுக்கொண்டு, நான் இருக்கும் பொண்டியிலிருந்து புறப்பட்டு, என் கதைக்குள்ளேயே ஸ்ரீஸ்கந்தராசாவின் கடைக்குப் போனேன். அவர்கள் இன்னும் கை கழுவவில்லை. வெளியே தெரு பனிமூட்டத்தில் பாதி எழுதி நிறுத்தியது போல இருந்தது.

"அம்மா, இது உங்கடை தேங்காய். தேரண்டு என்ரை காலடியிலை வந்து நிண்டது."

சாரதாதேவி இரண்டு கையாலும் வாங்கினார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் அதைக் காதோடு வைத்துக் குலுக்கினார். மகளிடம் கொடுத்தார். அவளும் குலுக்கினாள்.

"தண்ணி கிடக்கு," என்றாள்.

அம்மாவின் முகம் மெல்ல மெல்ல இளகியது. என்னை மறந்துவிட்டார்.

"அப்ப நேர்த்தி இன்னும் முடியேல்லை, என்ன?"

"ஓம் அம்மா."

"முடியேல்லை எண்டால், நீ நிப்பாட்டினாலும் பிள்ளையாருக்கு நான் பொய் சொன்னதாகாது. விரும்பினால் நிப்பாட்டு. விரும்பினால் போ. பாக் வந்தாப் பிறகு இதை உடைப்பம்."

இதுநாள் வரை கெட்ட சகுனமாகத் தூக்கம் கெடுத்த தேங்காய். அதிலேயே மகளுக்கு ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டார். நான் எழுதியிருந்தால் இவ்வளவு கெட்டித்தனமாக வந்திருக்காது.

"ஆடியிலை முடிவு வரும்வரைக்கும் கிடந்தால் அழுகிப் போகுமே," என்று வாயை வைத்தது நான்தான்.

ஆரபி என்னைப் பார்த்தாள். "அழுகினால் வேறை வாங்குவம் அங்கிள். கடைத்தெரு முழுக்கத் தேங்காய்தானே."

6.

இனி என்னால் முடிந்தது இவ்வளவுதான். அவர்களோடு வடக்கு நிலையம் வரை நடந்தேன். படிகளில் இறங்கினோம். அங்கே ஒரே மேடைதான். ஒரு பக்கம் அவர்கள் வீடிருக்கும் செவ்ரானுக்குப் போகும் பி ரயில் வரும், மறுபக்கம் சென் தெனிக்குப் போகும் டி ரயில். அம்மா பி பக்கம் நின்றார், மரக்கறிப் பைக்கு மேலே தேங்காய் தெரிந்தது. ஆரபி நடுவில் நின்றாள். அம்மா அவளைக் கூப்பிடவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. அந்த அம்மாவுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான்தானே அவரை எழுதினேன்.

இரண்டு சுரங்கத்திலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் தெரிந்தது. மேடையில் காற்று எழும்பி அவள் தலைமுடியைக் கலைத்தது. ஒரு நொடி, விழுவது போல இருந்திருக்கும் அவளுக்கு.

நான் திரும்பிப் பார்க்காமல் படியேறி வந்துவிட்டேன். நீங்கள் இன்னும் மேடையில்தான் நிற்கிறீர்கள். ரயில்கள் வந்து நின்றுவிட்டன, இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிறது. அவள் எந்தப் பக்கம் ஏறினாலும், தயவுசெய்து, பின்னால் நின்று ஒன்றும் சொல்லாதீர்கள்.