இருபத்தெட்டு நயமுங்க

சசிதருக்கு மூளை இல்லை என்று நான் முடிவு கட்டியது ஆகஸ்ட் மாசம் முதல் ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்றரை மணிக்கு. அதற்கு முன்னால் சந்தேகம் மட்டும்தான் இருந்தது.

ஆர்.எஸ்.புரத்தில் அவன் வீட்டு மாடியில்தான் எங்கள் ஞாயிறு ஆட்டம். ஆறடிக்கு நாலடி மேஜை போட்டு, அதில் பொம்மை வீரர்களை நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவோம். மொத்தம் நாலு பேர். சசிதர், அப்பாவின் நூல் மில்லைப் பார்த்துக்கொள்கிறவன். பிரத்யுஷா, பல் டாக்டர். பாலகோபால், சசிதர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதற்கென்றே வாராவாரம் வருகிறவன். நான் ரிஃபத். கணபதியில் ஒரு பட்டறையில் பேட்டர்ன் வேலை. அதாவது, பம்பு செட்டை இரும்பில் வார்ப்பதற்கு முன் அதே உருவத்தை மரத்தில் செய்து தருவது. அரை மில்லிமீட்டர் தவறினாலும் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது நான்தான். அதனால் அளவு தெரியாமல் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் கடற்கொள்ளையர் ஆட்டம் என்று முடிவாகியிருந்தது. யோசனை என்னுடையது. கப்பலும் என்னுடையது. ஆறு மாசம், தினமும் வேலை முடிந்து ஒரு மணி நேரம் இருந்து, மிஞ்சிய தேக்குத் துண்டுகளில் செதுக்கினேன். ஓரடி நீளம், பத்து பீரங்கி, மூன்று பாய்மரம். பாய்க்கு மாமா அப்துல் நாசரின் ஜவுளிக் கடையில் நூறாம் நம்பர் வேட்டித் துணியாகக் கேட்டு வாங்கினேன். மோட்டா நூலில் நெய்த துணியைக் கட்டினால் பாய் கோணிச்சாக்கு மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். இந்தக் கப்பல் அந்த மேஜையில் ஓட வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

அதற்குப் பொம்மைகள் பதினைந்து மில்லிமீட்டராக இருந்தாக வேண்டும். பாதத்திலிருந்து கண் மட்டம் வரைக்கும் உள்ள உயரத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். பதினைந்து என்றால் ஆள் கட்டைவிரல் நகத்தளவு. இருபத்தெட்டு கிட்டத்தட்ட அதில் இரண்டு மடங்கு. ஆள் இரண்டு மடங்கானால் கப்பலும் இரண்டு மடங்காக வேண்டும். அப்படி நாலு கப்பலை எங்கள் மேஜையில் நிறுத்தினால் கடலுக்கு இடமே இருக்காது, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு மாதிரிதான் இருக்கும். என் கப்பலோ அந்த ஆட்களுக்கு வெறும் பரிசல்.

அன்றைக்குக் கப்பலைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். சசிதர் குனிந்து பாயை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தான்.

"நூறாம் நம்பருங்களா?"

"ஆமாங்க."

பீரங்கி வாயை ஊசிமுனையில் குடைந்திருக்கிறேன். அவன் கண்ணில் பட்டது துணி. மில்காரன் புத்தி வேறெங்கே போகும்?

"அப்பப் பொம்மை இருபத்தெட்டே வாங்கிப்போடலாமுங்க," என்றான். "இருபத்தெட்டு நயமுங்க. பதினஞ்செல்லாம் மோட்டா."

எனக்குக் காது சுட்டது. பதினைந்து என்று போன வாரமே சொல்லிவைத்தவன் நான். அப்படியானால் நான் மோட்டா ரகம், இவர் நயம் ரகம். காசு இருக்கிறவனுக்கு எதுவும் பெரிதாக இருந்தால்தான் திருப்தி. கார் பெரிது, வீடு பெரிது, இப்போது கடற்கொள்ளையனும் பெரிதாக வேண்டுமாம்.

"எனக்குப் பதினஞ்சே போதுமுங்க," என்றாள் பிரத்யுஷா.

"சசி சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்," என்றான் பாலகோபால். அவனுக்குப் பதினைந்துக்கும் இருபத்தெட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசை கிடையாது.

சசிதர் என்னைப் பார்த்தான். "ஏனுங்க ரிஃபத், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க கப்பலுங்க."

சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. ஆனால் அளவு தெரியாதவனுக்குப் பாடம் எடுப்பது என் வேலையா?

"உங்க மேஜைங்க. உங்க இஷ்டமுங்க," என்றேன்.

எங்கள் ஊர்ப் பேச்சில் இது ஒரு வசதி. மனசுக்குள் ஒருத்தனை 'அவன், இவன்' என்று கிழித்துக்கொண்டே வாயில் இரண்டு 'ங்க' போட்டுவிடலாம். அவன் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டு, என் எதிரிலேயே போனை எடுத்து இருபத்தெட்டுக்கு ஆர்டர் போட்டான். நான் கப்பலைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"கப்பல் இங்கியே இருக்கட்டுமுங்க," என்றான் பின்னாலிருந்து.

"சின்ன வேலை ஒண்ணு பாக்கிங்க," என்றேன்.

மறுநாள் பட்டறையில் மெஷின் ரம்பத்தை ஓடவிட்டு, கப்பலை நடுவில் ஒரு தடவையும் குறுக்கே இரண்டு தடவையும் அறுத்தேன். டீக்கடை மைதீன் பிச்சை அடுப்புக்கு அள்ளிக்கொண்டு போகிற கழிவுக் கூடையில் துண்டுகளைப் போட்டேன். அவர் கொண்டுவந்த பதினொரு மணி டீ அன்றைக்கு ருசியாகவே இருந்தது. பொய் சொல்வானேன்.

அடுத்த இரண்டு ஞாயிறும் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது ஞாயிறு பெட்டி வந்துவிட்டது என்று சசிதர் போன் செய்தான். பரிசலில் ஏற முடியாத தடியன்களை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று வேடிக்கை பார்க்கவே போனேன்.

மேஜைமேல் நீலத் துணி விரித்திருந்தான். பெட்டியைப் பிரித்து ஒரு பொம்மையை எடுத்தவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏனுங்க, இதென்னங்க இத்தனை பெருசா இருக்குது? பதினஞ்ச மாத்தி அனுப்பிப்போட்டானா?"

பாலகோபால்கூடத் தலையாட்டவில்லை.

"இருபத்தெட்டுனா இத்தனைதானுங்க," என்றாள் பிரத்யுஷா. "பதினஞ்சு இதுல பாதி."

"அதெப்படிங்க? நம்பர் ஏற ஏறச் சன்னமாகோணுமில்லீங்களா?" சசிதர் என்னைப் பார்த்துக் கேட்டான். "மில்லுல அப்படித்தானுங்க. பதினாறாம் நம்பர் நூலுன்னா போர்வைக்கு, நூறாம் நம்பருன்னா வேட்டிக்கு. போட்டோவுல பார்த்தா எல்லாம் ஒரே அளவுலதானுங்க தெரியுது. உங்க கப்பல் சன்னமான வேலைங்க. அதுமேல ஏறி நிக்கோணும்னா பொம்மை பொடுசா இருக்கோணும்னுதான் இருபத்தெட்டுன்னேன்."

பிரத்யுஷா சிரித்தாள். சசிதரும் சிரித்தான். அவன் சிரித்த பிறகு பாலகோபாலும் சிரித்தான். எனக்குச் சிரிப்பே வரவில்லை. மாமா கடையில் நின்று, நூறாம் நம்பர்தான் வேண்டும், மோட்டா வேண்டாம் என்று விரலால் தேய்த்துத் தேய்த்துத் துணி வாங்கியவன் நான். அவன் என்ன கணக்கில் பேசினான் என்று இந்த ஊரில் பிறந்த எவனுக்கும் புரிந்திருக்கும். காது கொடுத்துக் கேட்டிருந்தால் எனக்கும் புரிந்திருக்கும். இத்தனை நாள் அவனைத் தேடித் தேடித் திட்டிய வார்த்தையெல்லாம் இப்போது எனக்கே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க," என்றான் சசிதர். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "போச்சாதுங்க. கடைக்காரர்கிட்டப் பேசிப்போட்டேன்னா மாத்திக் குடுத்துருவாரு. பதினஞ்சே வரட்டும்."

பொம்மையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நீலத் துணியைச் சரியாக இழுத்துவிட்டான். அப்போதுதான் பார்த்தேன். துணியின் நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தான். சரியாக ஓரடி நீளம்.

"இதுதானுங்க உங்க கப்பலுக்கு இடம்," என்றான். "போய் எடுத்துட்டு வந்துருங்க. அந்தச் சின்ன வேலை முடிய எத்தனை நேரமாகுமுங்க?"

"ஆறு மாசமாகுமுங்க," என்றேன்.