கண்காட்சியில் கூடை எடுத்தவள்

பந்தலூருக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருந்த உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கண்காட்சி வைத்தார்கள். பச்சைக் கொழுந்து தேயிலைத்தூள் ஆவதுவரை எல்லாவற்றையும் அவர்களே செய்து காட்ட வேண்டும். கொழுந்து வாடுவதில் அறிவியல், எடை குறைவதில் கணக்கு, மழையில் புவியியல், இந்த மலைக்கு ஆட்கள் வந்து சேர்ந்த கதையில் வரலாறு. இத்தனையையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தவள் அன்னக்கிளி. டால்டா டின்னை வெட்டிக் கொழுந்து உருட்டும் இயந்திரம் செய்தாள். முதலில் கொழுந்து புளித்து நாறியது. வகுப்பே மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவள் விடவில்லை. கடைசியில் தூள் கறுத்து மணத்தபோது, அறிவியல் ஆசிரியர் பவுல்ராஜ் ஒரு வாய் குடித்துவிட்டு, “அட, அசல் டீயேதான்!” என்றார்.

விருந்தாளியாக வரப்போகிறவர் தோட்டத்து மேனேஜர், பெரிய துரை. விளக்கம் சொல்லும் பிள்ளை அவருக்குப் பிடித்துவிட்டால், ஊட்டி விடுதியில் சேர்த்து மேலே படிக்க வைப்பார் என்று தலைமையாசிரியரே சொல்லியிருந்தார். அன்னக்கிளிக்கு அதை விட்டால் வேறு வழி ஏது? இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த நாள்முதல் அப்பா காத்தமுத்து ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார்.

“பத்து முடிஞ்சா தோட்டத்துல வேலைக்குப் பேர் பதிஞ்சிருவோம் புள்ள. நான் ஒருத்தன் எத்தன வயித்துக்குப் போடுறது?”

அம்மா தெய்வம்மாதான் சண்டை பிடித்து, விடுதி கிடைத்தால் அனுப்புவதாக அவரிடம் வாக்கு வாங்கி வைத்திருந்தாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் பவுல்ராஜ் கூப்பிட்டார்.

“விளக்கம் தபித்தாள் சொல்லட்டும் கண்ணு. கிளார்க்கு மக, பேச்சு சுத்தமா இருக்கும். நீ கூடையக் கட்டிக்கிட்டு வேலியோரம் நின்னு கொழுந்து எடு. உனக்குத்தான் அது அமைப்பா இருக்கும்.”

“எழுதுனது நான் சார்.”

“அதுக்கு மார்க்கு உண்டு. போ.”

அமைப்பாக இருக்குமாம்! லீவு நாளில் அம்மாவுக்குக் கைகொடுத்ததைத் தவிரக் கூடையைத் தொடாதவள் அவள். ஆனாலும் தோட்டம் கொடுத்த வரிசை வீட்டில், லயத்தில், குடியிருக்கும் எந்தப் பிள்ளை வாத்தியாரை எதிர்த்துப் பேசி ஜெயித்திருக்கிறது?

மறுநாள், கொழுந்தெடுக்கப் போகும்போது அம்மா கட்டும் சாக்கை இடுப்பில் சுற்றி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, வேலியோரத் தேயிலையில் நின்றாள். தபித்தாள் குச்சியை நீட்டி அவளைக் காட்டினாள்.

“இவர்கள் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர்கள். அட்டைக் கடியையும் குளிரையும் பொருட்படுத்தாமல் உழைப்பவர்கள்.”

அன்னக்கிளி ‘நாங்கள்’ என்றுதான் எழுதியிருந்தாள். அட்டையைப் பற்றி எழுதவே இல்லை. பெரிய துரை கொட்டாவி விட்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நன்றாகப் பார்த்துத் தொலையட்டும் என்று இரண்டு கையையும் செடிமேல் விட்டாள். இரண்டு இலை, ஒரு குருத்து. இரண்டு இலை, ஒரு குருத்து. ஆத்திரத்தில் கை பறந்தது. முற்றின இலை ஒன்றுகூடக் கூடையில் விழவில்லை. துரை நிமிர்ந்து பார்த்தார். தபித்தாளைப் பாதியில் விட்டுவிட்டு வேலிக்கே வந்துவிட்டார்.

இப்போது கேட்பார், அந்த இயந்திரம் யார் செய்தது என்று கேட்பார். அன்னக்கிளி கையை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். துரை கூடையிலிருந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளிப் பார்த்தார்.

“யார் பொண்ணு இது?”

“நம்ம காத்தமுத்து புள்ளைங்க சார்,” என்றார் தலைமையாசிரியர்.

“இப்படி ஒரு கை என் தோட்டத்துலயே இல்ல. பரீட்சை முடிஞ்சதும் வரச் சொல்லுங்க. பேர் போட்டுக்கலாம்.”

எல்லோரும் கை தட்டினார்கள். “சார், அந்த மெஷினு...” என்று அவள் தொடங்கியது யார் காதிலும் விழவில்லை.

கூட்டத்திலிருந்து காத்தமுத்து ஓடிவந்து துரையைக் கும்பிட்டார். அவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியிருந்தது. துரை போனபிறகு தெய்வம்மாவின் பக்கம் திரும்பினார்.

“வாக்குக் குடுத்தேன், இல்லங்கல. ஆனா துரையே வாய் தொறந்து கேட்டுட்டாரு. மாட்டேன்னா நாளைக்கு லயத்துல இருக்க விடுவாங்களா?”

எதற்கும் சண்டைக்கு நிற்கும் தெய்வம்மா அன்றைக்கு அவரை விட்டுவிட்டு மகளிடம் வந்தாள். அவள் தலையிலிருந்து கூடையை இறக்கினாள். கறை ஏறிய விரல்களைப் பிடித்துப் பார்த்தாள்.

“பாவி மகளே, ஏண்டி இவ்வளவு நல்லா எடுத்த?” என்றாள்.